கவிழ்ந்து கிடந்த ஏழு நாளும் ஒரு சூனியக்காரியின் கதையும்

2023 ஆகஸ்டில் ஒரு காலை, காபி கலந்துகொண்டு நிற்கும்போது சமையலறை ஜன்னலின் குறுக்குக் கம்பி நடுவில் கிள்ளிவிட்டதுபோல் வளைந்து தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், வளைவு போகவில்லை. வலது கண்ணை மூடினால் வளைகிறது, இடது கண்ணை மூடினால் கம்பி ஒழுங்காக நிற்கிறது. பவர் கூடியிருக்கும் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். முதல் தப்பு அது. விழித்திரை மருத்துவர் பார்த்துவிட்டு மாகுலர் ஹோல் என்றார். விழித்திரையின் நட்டநடுவில், எழுத்தையும் முகங்களையும் பார்க்க உதவும் இடத்தில் ஒரு பொத்தல். அறுபதை ஒட்டிய பெண்களுக்கு அதிகம் வருமாம். கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு ஒரு வாயுக் குமிழியை வைப்பார்கள். குமிழி மேலேதான் எழும்பும். அது கண்ணின் பின்பக்கம் போய்ப் பொத்தலை அழுத்தி மூட வேண்டுமென்றால் நான் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். ஏழு நாள். மணிக்கு ஐம்பது நிமிடம் குனிந்தபடி, மீதிப் பத்து நிமிடத்தில் சாப்பாடு, குளியலறை எல்லாம். தூக்கமும் குப்புறத்தான்.

மருத்துவமனையில் கொடுத்த தாளில் சொட்டுமருந்து, கண் மூடி, எந்த எண்ணைக் கூப்பிடுவது எல்லாம் இருந்தது. ஏழு நாளை எப்படி ஓட்டுவது என்று மட்டும் இல்லை. என் கணவர் அப்போது மாமியாருக்கு முடியவில்லை என்று காரைக்காலில் இருந்தார். மகன் சியாட்டிலில். நியூஜெர்சியில் நான், ஃப்ரிட்ஜ் நிறைய ரசம், ஒரு தொலைபேசி. இதே நிலையில் மாட்டிக்கொள்ளும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். பாதி கண்ணைப் பற்றி, பாதி ஒரு ஒலிப்புத்தகத்தைப் பற்றி. எனக்கு இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டன.

முதலில் நாற்காலி. மசாஜ் கடையில் இருப்பதுபோல் முகத்தை வைக்க ஓட்டை உள்ள நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. நான் எடுத்தபோது ஒரு வாரத்துக்கு 290 டாலர். காப்பீட்டில் வராது என்று கையை விரித்துவிட்டார்கள். வேண்டாம், தலையணையை அடுக்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தவள், நல்லவேளை கடைசி நிமிடத்தில் மனம் மாறி எடுத்தேன். இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். நான் பட்டதிலேயே வருத்தப்படாத செலவு அது ஒன்றுதான். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாளே கொண்டுவரச் சொல்லி, உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்து பாருங்கள். சிகிச்சை முடிந்து வந்த பிறகு திருகாணியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம், அத்தனை நேரம் என்ன செய்வது? எனக்குத் திரை பார்க்கக் கூடாது, படிக்கவும் கூடாது. காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஆஞ்சலீக்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1993-இல். கைக்குழந்தை, வெளியே பனி, கார் ஓட்டத் தெரியாது. கேபிளில் சை-ஃபை சேனல் பகலில் 'டார்க் ஷேடோஸ்' என்ற பழைய தொடரை மறுஒளிபரப்பு செய்துகொண்டிருந்தது. 1966 முதல் 1971 வரை ஏபிசியில் வாரம் ஐந்து நாள் வந்த தொடர், மொத்தம் 1,225 எபிசோடுகள். மெய்ன் மாநிலக் கடற்கரையில் காலின்வுட் என்ற மாளிகை, அதில் பேய், சூனியக்காரி, ஓநாய் மனிதன், எல்லாருக்கும் மேலே பார்னபஸ் காலின்ஸ் என்ற இரத்தக்காட்டேரி. வேகமாக எடுத்துத் தள்ளியிருப்பார்கள். வசனம் மறந்துபோய் நடிகர்கள் விழிப்பார்கள், மைக்கின் நிழல் சுவரில் ஆடும், உருக்கமான கட்டத்தில் ஒரு ஈ வந்து முகத்தில் உட்காரும். எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. ஊரில் பார்த்த தெருக்கூத்து மாதிரி, வேடம் கலைந்தாலும் கதை நிற்காது.

பார்னபஸ் ஏன் காட்டேரியானான் என்று சொல்ல, தொடர் 1795-க்குப் போகும். மார்த்தினிக் தீவிலிருந்து அவனை மணக்க ஜோசெட் என்ற பெண் வருவாள். அவள் குடும்பத்தோடு பணிப்பெண்ணாக வருபவள்தான் ஆஞ்சலீக். தீவில் இருந்தபோது பார்னபஸ் இவளோடு பழகியவன். இப்போது 'அது முடிந்துபோன கதை' என்பான். அவள் விடுவாளா? மந்திரம் வைத்து ஜோசெட்டையும் பார்னபஸின் சித்தப்பா ஜெரமையாவையும் காதலிக்க வைப்பாள். துப்பாக்கிச் சண்டையில் பார்னபஸ் ஜெரமையாவைக் கொல்வான். பார்னபஸின் குட்டித் தங்கை சாராவின் பொம்மையில் ஊசி குத்தி, குழந்தையைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோய், 'நான் காப்பாற்றினால் என்னைக் கட்டிக்கொள்வாயா' என்று பேரம் பேசுவாள். உண்மை தெரிந்து அவன் அவளைச் சுட, குண்டடிபட்ட நிலையில் அவள் விட்ட சாபத்தில்தான் அவன் காட்டேரியாகிறான். பொன்னிறச் சுருள்முடியும் பெரிய கண்ணுமாக லாரா பார்க்கர் நடித்தார். அவர் கண்ணைத் திறந்து பார்த்தாலே என் மகன் தொட்டிலில் அழ ஆரம்பித்துவிடுவான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயந்தது நான்தான்.

அந்த லாரா பார்க்கரே பிற்காலத்தில் எழுத்தாளராகி, 1998-இல் 'ஆஞ்சலீக்ஸ் டிசென்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். தான் நடித்த வில்லியின் முன்கதை, அவள் கண்வழியாக. அதை அவரே வாசித்து ஒலிப்புத்தகமாகவும் வந்திருக்கிறது. ஒரு நடிகை, தான் நடித்த பாவியை முப்பது வருஷம் மனத்தில் சுமந்திருந்து, அவளுக்காக வழக்காடி எழுதி, தன் குரலிலேயே படிக்கிறார் என்றால் அது சும்மா இருக்குமா? ஏழு நாளுக்கு இதுதான் துணை என்று முடிவு செய்தேன்.

முடிவு நல்லதுதான். வாங்கிய லட்சணம்தான் கேவலம். அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு பதினோரு மணிக்கு, இருந்த பதற்றத்தில், ஒலிப்புத்தகச் செயலி ஒன்றில் மாதம் 15 டாலருக்குச் சந்தா கட்டி, அதில் கிடைத்த ஒரு இலவசப் புத்தகத்துக்காக, கண்ணில் முதலில் பட்ட அட்டையைத் தட்டிவிட்டேன். அந்த ஒலிப்புத்தகம் இரண்டு பாகம். நான் வாங்கியது இரண்டாம் பாகம். ஏற்கெனவே எழுத்து வளைந்து தெரியும் கண். சின்ன எழுத்தில் இருந்த எண்ணை யார் பார்த்தது?

மறுநாள் மாலை, கட்டோடு நாற்காலியில் முகத்தைப் புதைத்து, போனைத் தரையில் வைத்துப் போட்டேன். யார் யாரோ வருகிறார்கள், ஏதோ பழைய காயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்து முக்கால் மணி நேரம் கேட்டேன்! பிறகுதான் உறைத்தது. முதல் பாகத்தைத் தேடலாம் என்றால் திரையைப் பார்க்கக் கூடாது. குரலால் கட்டளை கொடுத்தேன். பிரெஞ்சுப் பெயர் அது, நான் காரைக்கால் பிரெஞ்சில் ஒரு மாதிரி சொல்ல, போன் அதை இன்னொரு மாதிரி புரிந்துகொண்டு ஏஞ்சல்களைப் பற்றிய ஒரு தியானப் பாட்டைப் போட்டது. அன்று இரவு அழுதேன். வலியில் இல்லை. இவ்வளவு திட்டம் போட்டும் ஒரு புத்தகத்தைக்கூட ஒழுங்காக வாங்கத் தெரியாதவளாகிவிட்டேனே என்று.

அழக் கூடாதோ என்று வேறு பயம். நள்ளிரவில் அவசர எண்ணைக் கூப்பிட்டு, 'கண்ணீர் வந்தால் குமிழி கெட்டுப்போகுமா' என்று கேட்டேன். எடுத்தவர் சிரிக்கவில்லை, அதற்கு அவருக்குப் புண்ணியம். கண்ணீர் வெளியே, குமிழி உள்ளே, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, கண்ணைக் கசக்காமல் இருந்தால் போதும் என்றார். தெரிந்துகொள்ளுங்கள், அழலாம்.

இந்த இடத்தில், நான் செய்யாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை ஒரு வாரம் முன்பே வாங்கி, முதல் பத்து நிமிடம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். பாகம் பிரிந்த புத்தகமா, சுருக்கிய பதிப்பா முழுப் பதிப்பா என்று பார்த்திருக்க வேண்டும். இணையம் இல்லாமலே ஓடும்படி போனில் இறக்கிவைத்திருக்க வேண்டும். முக்கியமாக, கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தவும் ஓட்டவும் முடிகிறதா என்று ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு என்றால் நிஜமாகவே மூடிக்கொண்டு. செயலிகளெல்லாம் பார்வை உள்ளவர்கள் பார்வை உள்ளவர்களுக்காகச் செய்தவை. வழுவழுப்பான கண்ணாடியில் பொத்தானை விரல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

இரண்டாம் நாள் மகனிடம் புலம்பினேன். அவன் ஐந்தே நிமிடத்தில் முதல் பாகத்தின் பழைய சிடிக்கள் 38 டாலருக்கு எங்கோ இருப்பதைக் கண்டுபிடித்து, இரண்டு நாளில் வருகிற மாதிரி அனுப்பச் சொல்லிவிட்டான். கூடவே லேப்டாப்பில் செருகும் சிடி டிரைவ் ஒன்று, 27 டாலர். 'அம்மா, லேப்டாப்பில் போட்டுக் கேட்டுக்கலாம்' என்றான். சரிப்பா என்றேன். திரையைப் பார்க்கக் கூடாது என்பவளுக்கு லேப்டாப் எதற்கு என்று படித்த பையனுக்கும் தோன்றவில்லை, பெற்றவளுக்கும் தோன்றவில்லை. அந்த டிரைவ் இன்னும் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. திருப்பி அனுப்பும் கெடுவும் தாண்டிவிட்டது.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு அம்மாள். அறுபத்தாறு வயது, தனியாக இருப்பவர், நாளைக்கு நான்கு வேளை வந்து எனக்குச் சொட்டுமருந்து விட்டவர். சிடி உறையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். 'ஆஞ்சலீக்கா? அந்தச் சூனியக்காரியா?' என்றார். 1968-இல் அவருக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமாக ஓடிவந்து டிவி முன்னால் உட்கார்ந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தில் பதிவு செய்யும் கருவி ஏது? பிள்ளைகள் டேப் ரிக்கார்டரை டிவி முன்னால் பிடித்துக் குரலை மட்டும் பிடித்துவைப்பார்களாம். அவர் சொன்னது உண்மைதான். 1219-ஆம் எபிசோடின் வீடியோ டேப் தொலைந்துபோய்விட்டது. ஒரு ரசிகர் அப்படிப் பிடித்துவைத்த ஒலியை வைத்துத்தான் அதை மீட்டார்கள். அந்த அம்மாள் தன் வீட்டுக்குப் போய், கார் நிறுத்தும் இடத்திலிருந்து தூசி படிந்த பெரிய டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தூக்கிவந்தார். சிடியும் போடலாம். கொழுக்கட்டை அளவுக்குப் பொத்தான்கள். விரல் பட்டதும் தெரிகிறது, அழுத்தினால் டக்கென்று சத்தம் கேட்கிறது. உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒன்று இருந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

ஐந்தாம் நாள் முதல் பாகம் ஓடத் தொடங்கியது. கதை மார்த்தினிக்கில், கடலோரம் தாயோடு வளரும் ஒரு குட்டிப்பெண்ணிடமிருந்து வருகிறது. கரும்புத் தோட்ட முதலாளி ஒருவன், அவளைப் பெற்றவன், அவளைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்துவைக்கிறான். தோட்டத்து அடிமைகளின் சடங்குகளில் உயிருள்ள தெய்வமாக அவளுக்கு அலங்காரம் செய்து முன்னால் நிறுத்துகிறான், அவர்கள் பயந்து அடங்கியிருக்கட்டும் என்று. குழந்தைக்குத் தான் யார், கும்பிடப்படுவது யார் என்றே குழம்புகிறது. லாரா பார்க்கர் அதை வாசிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். தொடரில் கேட்ட கிறீச்சிட்ட சிரிப்பு இல்லை. வயதான குரல், கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, சொல்லுக்குச் சொல் நிதானம். பாட்டி தன் கதையைப் பேத்தியின் கதை மாதிரி சொல்வது போலிருந்தது. முகம் தரையைப் பார்க்க, கண்ணுக்கு ஒன்றும் இல்லாமல், குரல் மட்டும் கீழே தரையிலிருந்து எழும்பி வரும்போது தப்பிக்க இடம் இல்லை.

எனக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நான் காரைக்கால்காரி. என் ஆயா, யாராவது சொல்லாமல் கொள்ளாமல் எங்காவது போய்விட்டால் 'தீவுக்குக் கப்பலேறிட்டானா' என்பார். 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபிறகு மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போக, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற முதல் கப்பல் 1853-இல் போய்ச் சேர்ந்தது. அடுத்த முப்பது வருஷத்தில் சுமார் 25,000 பேர், பெரும்பாலும் தமிழர்கள். ஆஞ்சலீக்கின் கதை நடப்பது அதற்கு அறுபது வருஷம் முன்னால், அவர்கள் யாரும் அதில் வரமாட்டார்கள். ஆனால் வெட்டிய கரும்பின் வாசனை, ஆலை, வெயில் என்று லாரா பார்க்கர் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆயா முகம்தான் வந்தது.

பார்னபஸ் வரும் பகுதியில் நான் மொத்தமாகக் கவிழ்ந்துவிட்டேன். ஏற்கெனவே கவிழ்ந்துதான் கிடந்தேன், மனமும் கவிழ்ந்தது. அழகன், பணக்காரன், தீவுக்கு வந்தவன், உயிரையே கொடுப்பதுபோல் பேசுகிறான். பிறகு அவள் வேலை செய்யும் வீட்டுப் பெண்ணையே பேசி முடித்துக்கொள்கிறான். பணிப்பெண் அந்த எஜமானிக்குத் தலைவாரிவிட வேண்டும். 1993-இல் நான் இவளைச் சபித்தவள். முப்பது வருஷம் கழித்து, 'குத்துடி ஊசியை, நல்லா குத்து' என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சொட்டுமருந்து விட வந்த அம்மாள் அதைக் கேட்டுவிட்டார். தமிழில்தான் சொன்னேன், ஆனால் தொனி புரிந்துவிட்டது. என்ன என்றார், சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. 'சாராவை மறந்துவிட்டாயா?' என்றார். அவன் ஏமாற்றியதற்கு அவன் படட்டும், ஜோசெட் படட்டும், குழந்தை என்ன செய்தது என்றார். 'நான் அப்போது சாரா வயது. என் பொம்மைகளை ஒரு மாதம் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன், தெரியுமா?' பேசிக்கொண்டே விட்டதில் ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. இன்னொன்று விட்டார். நான் அந்தப் பெண் அடைபட்ட கதையைச் சொன்னேன், அப்பன் செய்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'பாவம்தான்' என்றார். 'ஆனால் அந்த ஊசி?'

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு முழுக்க அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். கம்பன் கூனிக்கு ஒரு காரணம் வைத்தான். சிறுவயதில் இராமன் வில்லிலிருந்து அடித்த மண்ணுருண்டை அவள்மேல் பட்டது, அதை அவள் மறக்கவில்லை. அவ்வளவுதான். காரணம் இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் கூனிக்காக நாம் அழுவதில்லை. இங்கே ஒரு முழுப் புத்தகம், அதுவும் அவளுடைய குரலில். மண்ணுருண்டை மலையாகிவிட்டது. ஊசி குத்தும் கட்டம் வருவதற்குள் நாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மையைப் பிடித்துக்கொடுக்கிறோம். புத்தகத்தின் குறை என்று இதைச் சொல்லவில்லை, அதன் கெட்டிக்காரத்தனமே அதுதான். ஆனால் தனியாக, நோயில், இருட்டில் கேட்பவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் இதைப் போடாதீர்கள். நான் போட்டேன், மூன்று இரவு தூக்கம் போனது. முப்பது வருஷத்துக்கு முன் என்னை அவமானப்படுத்திய ஒரு நாத்தனாரை நினைத்து, அவருக்கு என்னென்ன செய்திருக்கலாம் என்று பட்டியல் போடும் அளவுக்குப் போய்விட்டது.

கதையில் மூழ்கியதில் உடம்பிலும் ஒரு விலை கொடுத்தேன். கேட்டுக்கொண்டே முழங்கையை நாற்காலி விளிம்பில் ஊன்றி மணிக்கணக்கில் அசையாமல் இருந்ததில், ஆறாம் நாள் வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. முழங்கை வழியாக ஓடும் நரம்பு நசுங்குவதால் குப்புற இருப்பவர்களுக்கு இது வரக்கூடியதுதான் என்று பிறகு மருத்துவர் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாம். முழங்கைக்கு அடியில் மெத்தென்று துண்டு மடித்துவையுங்கள், கையை அடிக்கடி நீட்டி மடக்குங்கள். சிடி ஒவ்வொன்றும் முடியும்போது எழுந்து நடப்பது என்று வைத்துக்கொண்டால் நல்ல கணக்கு. செயலியில் அது கிடையாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கிப்போனாலும் ஓடும். இரண்டாம் பாகத்தை ஏழாம் நாள் அதில் கேட்டபோது, தூங்கி எழுந்தால் யாரோ செத்திருப்பார்கள், யார் என்று தெரியாது. இத்தனை நிமிடத்தில் தானாக நிற்கும்படி வைக்கும் வசதி உண்டு என்பது எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது. மூன்றாம் சிடியில் கீறல் வேறு. ஜோசெட் முதன்முதலாகப் பேச வாயைத் திறக்கும் இடத்தில் 'ஆஞ்ச, ஆஞ்ச, ஆஞ்ச' என்று நின்றுவிட்டது. பழைய சிடி வாங்குவதானால் ஓட்டிப் பார்த்தீர்களா என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

ஏழு நாள் முடிந்து தலையைத் தூக்கியபோது உலகம் பாதி தண்ணீருக்குள் இருந்தது. குமிழி இன்னும் உள்ளே இருக்குமல்லவா, அதன் விளிம்பு கண்ணுக்குள் ஒரு கோடாகத் தெரிகிறது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போல, தலையைச் சாய்த்தால் கோடும் ததும்புகிறது. நாளுக்கு நாள் கோடு கீழே இறங்கும். எனக்கு ஆறு வாரம் ஆனது. அதுவரை விமானம் ஏறக் கூடாது. மேலே காற்றழுத்தம் குறையும்போது குமிழி விரிந்து கண்ணைக் கெடுத்துவிடும். பல் மருத்துவரிடம் சிரிப்பு வாயுவும் கூடாது. இதற்காகக் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். அக்டோபர் நடுவில் சியாட்டிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும்போது சொல்லத் தோன்றவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. 214 டாலர் போயிற்று. நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தச் செயலிச் சந்தாவை ரத்து செய்ய மறந்து நான்கு மாதம் கட்டியது 60. உறை பிரிக்காத டிரைவ், கீறல் சிடி எல்லாம் கூட்டினால் 339 டாலர் என் முட்டாள்தனத்துக்கு.

வரிசையைப் பற்றியும் ஒன்று. இந்தப் புத்தகத்தைத் தொடர் பார்க்காதவர்கள் முதலில் கேட்காதீர்கள். குமிழி பாதியானதும் நான் 1795 பகுதியைத் திரும்பப் பார்த்தேன், 365-ஆம் எபிசோடின் ஆவி அழைப்பில் தொடங்கி 461 வரை போகிறது. எபிசோடு 22 நிமிடம் என்றால் முப்பத்தைந்து மணி நேரம்தான், 1,225-ஐயும் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பணிப்பெண் முதலில் பயமுறுத்தட்டும். பிறகு புத்தகம். அப்போதுதான் ஒரு கண்ணில் சூனியக்காரியும் இன்னொரு கண்ணில் அந்தச் சிறுமியும் தெரிவார்கள். எனக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிந்தது, இடது கண்ணில் குமிழி ததும்பிக்கொண்டிருந்ததால். பக்கத்து வீட்டு அம்மாளும் வந்து உட்கார்ந்து பார்த்தார். ஊசி குத்தும் கட்டத்தில் நாங்கள் இருவருமே பேசவில்லை. அவர் முறுக்கைக் கடிப்பதை மட்டும் நிறுத்தினார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் மகன் கூப்பிட்டு, லாரா பார்க்கர் அக்டோபர் 12-ஆம் தேதி இறந்துவிட்டார் என்று செய்தி வந்திருப்பதாகச் சொன்னான். எனக்கு என்னவோ பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஷாயம் வைத்துக்கொடுத்தவர் போனது மாதிரி இருந்தது. ஒன்றும் பேசாமல் இருந்தேன். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'நானும் கேட்டுப் பார்க்கிறேன்மா, அப்படி என்னதான் இருக்குன்னு' என்றான்.

'கேளு. வாங்குறதுக்கு முன்னாடி எத்தனாவது பாகம்னு பாரு' என்றேன்.